கித்தாக் காட்டு முதியோரும் யோகாப்பியாசமும்

கோலாலம்பூரிலிருந்து வடக்கே ரவாங், செரண்டா, பத்தாங்காலி, ராசா, கோல குபு பாரு என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து தஞ்சோங் மாலிமை நோக்கிச் செல்லும் பழைய பெருவழியில், களும்பாங்குக்குச் சற்று முன்னே எதிர்ப்படும் சிற்றூர் கெர்லிங். கித்தா என்னும் ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் செழித்த இவ்வட்டாரத் தோட்டங்களில் உழைத்து, இன்று எழுபதைக் கடந்து நிற்கும் மூதாட்டியரின் நடையைச் சற்று உற்று நோக்குபவர், அவர்கள் செய்த தொழிலின் சரித்திரத்தை அவர்தம் முதுகெலும்பிலேயே படித்துவிடலாம்.

பொழுது புலர்வதற்கு முன்பே பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்குள் நுழைந்து, வெயில் ஏறுவதற்குள் சில நூறு மரங்களை வெட்டி முடிக்க வேண்டியது பால்மரம் வெட்டுபவரின் நித்திய கர்மம். உளியின் போக்கிலேயே உடலும் மரத்தைச் சுற்றி நகரும். பட்டையைச் சீவச் சீவக் கோடு கீழிறங்குமாதலால், நிமிர்ந்து நின்று வெட்டத் தொடங்கிய மரத்தையே சில ஆண்டுகளில் இடுப்பை வளைத்தும், பிறகு முழங்காலளவிற்குக் குனிந்தும் வெட்ட நேரும். கீழ்ப்பட்டை தீர்ந்து மேற்பட்டைக்குப் போனாலோ கழுத்தை அண்ணாந்தபடியே காலைப் பொழுது கழியும். அதன்பின் மங்கு என்னும் கிண்ணங்களிலிருந்து பாலைச் சேகரித்து, வாளிகளைக் காண்டா என்னும் காவுதடியின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, தோளில் தாங்கி ஸ்டோருக்கு நடக்க வேண்டும். கித்தாவை அழித்துச் செம்பனை நட்டபோது பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்கும் வேலை வாய்த்தது, அதுவும் குனிவுதான். இவ்வாறு முப்பது ஆண்டுகள் ஒரே திசையில் வளைந்த தேகத்தை முதுமையில் எவ்வாறு நிமிர்த்துவது என்பதே நான் இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

இத்தகைய உடல்களுக்கு மருந்திட்ட ஒரு தமிழ் டாக்டரிடமிருந்து, அதற்கு வழி காட்டும் யோகத்தின் சரித்திரத்தைத் தொடங்குவது பொருத்தமாகும். திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை என்னும் ஊரில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்த குப்புசுவாமி, வைத்தியக் கல்வி பயின்று, திருச்சியிலிருந்து ‘அம்புரோசியா’ என்னும் வைத்தியப் பத்திரிகையைச் சில ஆண்டுகள் நடத்தி, 1913ஆம் ஆண்டு கப்பலேறி மலாயா வந்து சேர்ந்தார். அவர் பணி புரிந்த தோட்ட ஆஸ்பத்திரி நெகிரி செம்பிலானில், சிரம்பானை அடுத்து இருந்தது. பிறகு ஜொகூர் பாருவிலும் அவர் வைத்தியம் பார்த்தார். கெர்லிங் வட்டாரத்திற்கு அவர் வந்ததாக நான் சொல்லவில்லை. ஆயினும் அவர் அங்கே தொட்டுப் பார்த்த நாடியும் இங்கே குனிந்து உழைத்தவரின் நாடியும் ஒரே ஜனத்தின் நாடிகளே. பத்து ஆண்டுகள் இப்படிச் சென்றபின், 1923இல் உத்தியோகத்தைத் துறந்து தாயகம் திரும்பி, மறு ஆண்டு ரிஷிகேசத்தில் சந்நியாசம் ஏற்றுச் சிவானந்த சரஸ்வதியானார். அவர் 1936இல் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் பின்னாளில் மலாயாவிலும் வேரூன்றியது. பத்துமலையிலே சிவானந்தாசிரமமும் எழுந்தது. கூலிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் துறந்து சென்ற நாட்டிற்கு அவருடைய யோகம் மட்டும் திரும்பி வந்ததை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

யோகம் என்பது வில்லைப்போல் வளையும் வாலிபர்க்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே எவ்வாறோ பரவிவிட்டது. ஆனால் சுவாத்மாராமர் இயற்றிய ‘ஹடயோகப் பிரதீபிகை’ என்னும் பழைய நூலோ, இளைஞரோடு விருத்தரையும், அதிவிருத்தரையும், வியாதியஸ்தரையும், பலஹீனரையும் சேர்த்தே எண்ணி, சோம்பலற்ற அப்பியாசத்தால் யாவர்க்கும் சித்தி உண்டு என்கிறது. பதஞ்சலி முனிவரும் ஆசனத்திற்கு ஸ்திரத்தன்மையும் சுகமும் என்ற இரண்டு லக்ஷணங்களைத்தான் கேட்டார். சுகம் போன இடத்தில் ஆசனமும் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

இதனை நம் காலத்தில் தெளிவாகக் கண்டவர் திருமலை கிருஷ்ணமாசாரியார். மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களுக்குக் கடினமான பயிற்சிகளைக் கற்பித்த அவரே, பிற்காலத்தில் சென்னையில் குடியேறியபின், வந்தவரின் வயது, தொழில், நோய், மூச்சின் நிலை ஆகியவற்றை ஆராய்ந்து ஆளுக்கொரு முறை வகுத்தார். பாலர்க்கு ஒன்று, கிருஹஸ்தர்க்கு ஒன்று, அந்திம வயதினர்க்கு ஒன்று என யோகக் கிரமம் பிரியும் என்பது அவர் கொள்கை. தமது தொண்ணூற்றாறாம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, அறுவைச் சிகிச்சையை மறுத்து, படுக்கையில் கிடந்தவாறே செய்யத்தக்க அப்பியாசத்தைத் தமக்குத் தாமே அமைத்துக்கொண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். நூறு வயது கடந்து 1989இல் அவர் மறைந்தார்.

சிவானந்தரின் சீடர் சத்தியானந்தர், கால்விரல், கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, தோள், கழுத்து என மூட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்து இளக்கும் பவனமுக்தாசன வரிசையை வகுத்தளித்தார். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியும் கையில் தொடங்கி, கால், மூச்சு, கண் என்று படிப்படியாகச் சென்று ஓய்வில் முடிவது. தறியில் உட்கார்ந்து உழைத்த குலத்தில் வந்தவர், உழைத்துத் தேய்ந்த உடலுக்கு எது இயலும் என்பதை அறிந்திருந்தது வியப்பன்று. மனவளக்கலை என்ற பெயரில் அது மலேசியத் தமிழரிடையேயும் பயிலப்படுகிறது.

இத்தனை பேர் வழி காட்டியும், கற்பிப்போரிடம் ஒரு குறை நிற்கிறது. இவ்வட்டாரத்து மண்டபம் ஒன்றில் நடந்த வகுப்பிற்கு என் பெரியம்மாவை நானே ஒருமுறை அழைத்துச் சென்றேன். கற்பித்தவர் இளைஞர், நல்லவர். எடுத்த எடுப்பிலேயே எல்லோரையும் தரையில் பத்மாசனமிடச் சொன்னார். எப்படியோ உட்கார்ந்துவிட்ட பெரியம்மாவை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. மறுவாரம் அவர் வரவில்லை. காரணம் கேட்டபோது, வலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் தூக்கிவிட வேண்டியதாயிற்றே என்ற வெட்கத்தையே சொன்னார்.

முதியோர்க்குத் தரையைக் காட்டிலும் நாற்காலியே தகுந்த பீடம். அதுவும் சக்கரமில்லாததாய், சுவரோடு ஒட்டி, வழுக்காமல் நிற்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை உள்ளடக்கும் கும்பகத்தையும், கண்ணழுத்த நோயுள்ளவர் தலைகீழ் ஆசனங்களையும் தவிர்ப்பது நன்று. எலும்பு மெலிந்தவர் முன்புறம் ஆழ வளையலாகாது. தோட்டத்து மூதாட்டியர்க்கோ முன்வளைவு ஆயுள் முழுவதற்கும் போதுமான அளவு ஆகிவிட்டது. மார்பை விரித்தல், தோளைப் பின்னே சுழற்றுதல், கழுத்தை மெல்லத் திருப்புதல் ஆகியவையே அவர்கள் பெறாமற் போனவை. பிள்ளையார் சந்நிதியில் பழகிய தோப்புக்கரணத்தைப் பாதியாக்கி, நாற்காலியின் விளிம்பிலிருந்து எழுந்து, நின்று, மீண்டும் அமரும்படி கற்பித்தால் அவர்கள் மகிழ்ந்து செய்கின்றனர். தொடைக்கு வலுவேறுகிறது, விழும் அச்சமும் குறைகிறது.

பெரியம்மா மறுபடியும் கற்றுக்கொண்டது அக்கம்பக்கத்து ஐந்தாறு பேர் ஒரு வீட்டு முன்கூடத்தில் கூடிய வேளையில். அங்கே சொல்லிக்கொடுத்த பெண்மணி ஆசனத்தின் பெயரையே எடுக்கவில்லை. “அம்மா, எத்தனை வருஷம் மரம் வெட்டினீங்க?” என்று கேட்டார். “இருபத்தெட்டு வருஷம்மா” என்று பெரியம்மா சொன்னார். இரு கைகளையும் உயர்த்தும்போது வலக்கை காதை ஒட்டி எழுந்தது. இடக்கை தோளுயரத்தோடு நின்றுவிட்டது. அப்பெண்மணி அருகே வந்து, அக்கையை மேலே தள்ளாமல், முழங்கைக்கடியில் தம் உள்ளங்கையை வைத்து அதன் பாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். பெரியம்மா கண்ணை மூடி, மூச்சை மெல்ல விட்டு, “அந்தத் தோள்லதாம்மா காண்டா இருக்கும்” என்றார்.