காஞ்சிபுரம் டு லண்டன்: அம்மாவைத் தனியா ஃப்ளைட் ஏத்தப் போறீங்களா? இதையெல்லாம் செக் பண்ணுங்க!

லண்டன்ல இருக்கிற அக்காவுக்குப் பிரசவ நேரம். அம்மா போயே ஆகணும், கூடப் போக ஆள் இல்லை. டிக்கெட் போடுற வேலை எப்பவும் போல உங்க தலையில்! ஆப்பைத் திறந்தால் துபாய் வழி, தோஹா வழி, ஃபிராங்க்ஃபர்ட் வழி என்று வரிசை கட்டும். எங்கும் நிற்காத விமானம் மட்டும் பல நாள்களில் விலை கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்குது? பார்ப்போம்.

டைரக்ட் வேற, நான்-ஸ்டாப் வேற!

'டைரக்ட்' என்றால் விமான எண் மாறாது, அவ்வளவுதான். நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். 'நான்-ஸ்டாப்' என்றால்தான் இடையில் எங்கும் நிற்காது. அதனால் ஃபில்டரில் 'நான்-ஸ்டாப்' என்பதையே தேர்வு செய்யுங்க. சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் இப்படிப் பறக்கிறது. தூரம் சுமார் 8,200 கி.மீ., பயணம் ஏறத்தாழ 11 மணி நேரம். திரும்பும்போது மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் கொஞ்சம் குறையும்.

யாருக்கு எது சரி?

நீங்க தனியா போறீங்கன்னா ஓர் இடத்தில் மாறிப் போய்ப் பணத்தை மிச்சம் பண்ணலாம், தப்பில்லை. ஆனா முதல் தடவையா விமானம் ஏறுற அம்மா, தெரியாத ஏர்போர்ட்டில் கேட் தேடி, மறுபடி செக்யூரிட்டி வரிசையில் நிற்கணும். சில ஏர்போர்ட்களில் மாறிப் போகவே டிரான்ஸிட் விசா கேட்பார்கள். இந்த அலைச்சல் இல்லாமல் இருக்கத்தான் அந்தக் கூடுதல் விலை.

பட்ஜெட் இடிக்குதா? மாறிப் போகும் டிக்கெட்டை ஒரே பி.என்.ஆரில் எடுங்க. இரண்டு டிக்கெட்டாகத் தனித்தனியா எடுத்தால், முதல் விமானம் லேட்டாகி அடுத்தது போய்விட்டால் நஷ்டம் உங்களுடையது. பல நேரம் பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போடணும்.

இன்னொரு விஷயம். பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் விமானம் சென்னையிலிருந்து கிளம்பினாலும் பிரிட்டனின் இழப்பீட்டு விதி பொருந்தும். நிறுவனத்தின் காரணத்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், இந்தத் தூரத்துக்கு 520 பவுண்டு கேட்கலாம். போர்டிங் பாஸைப் பத்திரமா வைக்கச் சொல்லுங்க.

விசா முதல்ல, டிக்கெட் அப்புறம்

பிரிட்டன் விசிட்டர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் வேண்டாம். பிரசவத் தேதி முன்னே பின்னே ஆகும், இல்லையா? அதனால் ரிட்டர்ன் தேதியை மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்க.

காஞ்சிபுரத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

பின்னாலிருந்து கணக்குப் போடுங்க. விமானம் அதிகாலை 5.30 என்றால், 2.30-க்கு ஏர்போர்ட்டில் இருக்கணும். காஞ்சிபுரத்திலிருந்து 60 கி.மீ.-க்கு மேல். ஸ்ரீபெரும்புதூர் வழியோ, வாலாஜாபாத் - ஒரகடம் வழியோ, ராத்திரியில் கன்டெய்னர் லாரிகள் இருக்கும். இரண்டு மணி நேரம் ஒதுக்கி, முந்தைய நாள் இரவு 12.30-க்கே வண்டியை எடுத்துடுங்க. திரிசூலம் ஸ்டேஷன் ஏர்போர்ட்டுக்கு எதிரிலேயே இருந்தாலும் அந்த நேரத்துக்கு ரயிலை நம்ப முடியாது.

'நம்ம ஊர் பக்கத்திலேயே ஏர்போர்ட் வருதாமே' என்கிறீர்களா? பரந்தூர் திட்டம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. நிலத்தை இழக்க விரும்பாத ஏகனாபுரம் மக்கள் அப்போதிருந்து எதிர்த்துப் போராடினார்கள். இப்போதைக்கு நமக்கு மீனம்பாக்கம்தான்.

பட்டுப்புடவைக்கும் வரி உண்டு!

அம்மா கட்டித் திரும்பக் கொண்டுவரும் புடவைகளுக்குப் பிரச்னை இல்லை. அங்கே கொடுத்துவிட்டு வரும் பரிசுகளுக்கு ஒருவருக்கு 390 பவுண்டு வரைதான் வரி கிடையாது. சம்பந்தி வீட்டுக்கு இரண்டு நல்ல காஞ்சிப் பட்டு எடுத்தாலே அந்த வரம்பு நெருங்கிவிடும். தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, மொத்த மதிப்புக்கும் வரி. கடை பில்லைக் கைப்பையில் வைங்க.

நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. பிரசவ லேகியத்துக்கு சுக்கு, மிளகு, திப்பிலியைப் பொடியாக்கிக் கொடுங்க. நெய்யை அக்கா அங்கேயே வாங்கிக்கட்டும்!

அமெரிக்கா போகணுமா?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நான்-ஸ்டாப் கிடையாது. லண்டனில் மாறி அட்லான்டிக் பெருங்கடலைத் தாண்டலாம். லண்டன் - நியூயார்க் மேலும் எட்டு மணி நேரம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் பொதுவாக பிரிட்டன் டிரான்ஸிட் விசா தேவைப்படாது. டிக்கெட் எடுக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்க.

கிளம்பும் முன் கடைசி செக்!

* முட்டி வலி இருந்தால் வீல்சேர் உதவியை 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்க. இதற்குக் கட்டணம் இல்லை. ஹீத்ரோவில் நடை அதிகம்.

* சைவம் என்றால் சைவச் சாப்பாட்டையும் முன்கூட்டியே சொல்லணும்.

* மாத்திரை, டாக்டர் சீட்டு, பவர் பேங்க் மூன்றும் கைப்பையில். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது.

* லண்டன் நேரம் நம்மைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம், கோடையில் நாலரை மணி நேரம் பின்னால்.

* அக்காவின் பெயர், முகவரி, போன் நம்பர், எத்தனை நாள் தங்கல் என்பதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைங்க. போனில் சார்ஜ் தீர்ந்தாலும், இமிகிரேஷன் அதிகாரி கேட்கும்போது அம்மா அதை நீட்டினால் போதும்.