வின்டோஸ் மாறியது, நம்முடைய பழைய கோவைகள் என்னவாயின?



வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. இனி நம் பக்கத்துப் பாடசாலை, பள்ளிவாசல், சங்கங்களில் பழைய கணினியைக் கழிக்கும் பேச்சு வரும். கழிப்பதற்கு முன் இந்தச் சின்ன வரலாற்றை ஒருமுறை வாசியுங்கள்.

வின்டோஸ் 95, 1995 ஓகஸ்டில் வந்தது. மூன்று வருடம் கழித்து வின்டோஸ் 98. இரண்டுக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் அவற்றில் நாம் தமிழ் அடித்தோம், பாமினி போன்ற எழுத்துருக்களின் தயவில். கணினி சேமித்தது ஆங்கில எழுத்தை. எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டியது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவது ஜே, கே, பீ, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோவையைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவதும் அதுதான்.

1991இல் வந்த யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. வின்டோஸுக்குள் அது வந்தது வின்டோஸ் 2000இல், லதா எழுத்துருவுடன். 2001இல் வந்த எக்ஸ்பியிலும் இருந்தது. ஆனால் கொன்ட்ரோல் பெனலுக்குள் போய், நாமாகவே அதை நிறுவ வேண்டும். அது தெரியாதவர்கள் பாமினியோடு இருந்துவிட்டார்கள். 2007இல் விஸ்டா வந்த பிறகுதான் எந்த வேலையும் செய்யாமல் யுனிகோட் தமிழ் திரையில் ஒழுங்காகத் தெரிந்தது.

இடைப்பட்ட அந்த எக்ஸ்பி காலத்தை நம் மாவட்டம் மறக்க முடியுமா? 2002 போர்நிறுத்த ஒப்பந்தம், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2006 ஓகஸ்டில் மூதூர் மக்களின் இடம்பெயர்வு, எல்லாம் அதற்குள் வந்தவை. அந்நாளில் கணினியில் அடித்த நிவாரணப் பட்டியல், கடிதம், கூட்டறிக்கை, பாடசாலை மலர் என்று நான் பார்த்தவற்றில் அநேகமானவை பாமினியில்தான் இருக்கின்றன. இன்று கணினியில் 'மூதூர்' என்று தேடினால் அவற்றில் ஒன்றும் அகப்படாது. இருந்தும் இல்லாத மாதிரி.

நம் மூத்தோர் அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள். மொழி நம் மொழிதான். எழுத்தை வாசிக்கத் தெரியாததால் வீட்டிலுள்ள அரபுத்தமிழ்க் கிதாபைப் பேரப்பிள்ளைகள் திறப்பதில்லை. அது அப்படியாகப் பல தலைமுறை எடுத்தது. பாமினிக் கோவைகளுக்கு இருபது வருடமே போதுமாக இருந்தது.

ஆகவே மூன்று விடயம்:

1. பழைய கணினியைக் கொடுப்பதற்கு முன் கோவைகளை மட்டுமல்ல, அதிலுள்ள தமிழ் எழுத்துருக்களையும் பென் டிரைவில் எடுங்கள். பாமினியைப் புதிய வின்டோஸிலும் நிறுவலாம்.

2. முக்கியமானவற்றை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். கொம்பும் காலும் சில இடங்களில் பிழைக்கும். ஆட்களின் சொந்த விபரம் உள்ள பட்டியல்களை மட்டும் இணையத்தில் போடாதீர்கள்.

3. மூலக் கோவையை அழிக்காதீர்கள்.

திறக்க முடியாத பழைய கோவை யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பாடசாலை விட்ட பிறகு சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.