மெதுவாக ஓடி ஜெயித்தவர்கள்



போன வாரம் என் அக்கா பேரன் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். மூன்று வாரமாகத் தினமும் விடியற்காலையில் உயிரைக் கொடுத்து ஓடுவதும், கடிகாரத்தைப் பார்த்து நொந்துபோவதுமாக இருந்திருக்கிறான். இப்போது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தொட்டாலே வலி. "தாத்தா, எனக்கு ஸ்டாமினாவே இல்லை" என்றான். நான் வரலாற்று வாத்தியார். எனக்குத் தெரிந்த மருந்து வரலாறுதானே!

1940-களில் நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்றொரு செருப்புத் தொழிலாளி இருந்தார். ஓட்டக்காரர்தான், ஆனாலும் நண்பர் ஒருவரோடு எட்டு கிலோமீட்டர் ஓடியதில் நாக்குத் தள்ளிவிட்டது. இப்படியே போனால் பின்னாளில் என் கதி என்ன என்று யோசித்தவர், தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கினார். கூட ஓடிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், வருடக்கணக்கில். அந்தக் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சடோபெக் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடிப் பயிற்சி எடுத்து, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கியிருந்தார். ஆகவே பலருக்கும் வேகப் பயிற்சி மேல்தான் கண். லிடியார்ட் கண்டதோ வேறு. முதலில் சில மாதம் வாரத்துக்கு 160 கிலோமீட்டர், மூச்சு முட்டாத ஓட்டம். அப்புறம் மேடேறும் ஓட்டம். வேகம் கடைசியில்தான். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லைக்கூட ஆக்லாந்து மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகாத பந்தயத்துக்கு இவ்வளவா என்று நமக்கே கேட்கத் தோன்றும். 1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். ஸ்னெல்லுக்கு 800 மீட்டரில் தங்கம். ஒரு மணி நேரத்துக்குள், அதே ஊர்க்காரர் முர்ரே ஹால்பெர்க்குக்கு 5000 மீட்டரில் தங்கம்!

இதற்கு அறிவியல் காரணம் பின்னால் வந்தது. மெதுவாக நெடுநேரம் ஓடினால் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் கூடுகிறது. தசைக்குள் மயிரிழை ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. 1967-ல் ஜான் ஹொலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டு, தசைச் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாவதைக் காட்டினார். ஆனால் எலும்பும் தசைநாரும் நுரையீரல் அளவுக்குச் சீக்கிரம் பழகாது. பேரனின் முன்னெலும்பு வலி அங்கேதான் பிறந்தது. தூர் கட்டாத பயிருக்கு யூரியாவைக் கொட்டினால் கதிர் வருமா? நம்மூர் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்காதீர்கள். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து ஜி. லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். உருவாக்கியவர் அதே ஊர்ப் பயிற்சியாளர் லோகநாதன். 10000 மீட்டர் என்றால் மைதானத்தை 25 சுற்று. லட்சுமணன் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொண்டது சுமார் 72 விநாடி. என் பேரனுக்குத் தேவை 112 விநாடி வீதம் நாலே சுற்று, அதுவும் முழுசாக இல்லை. அடுத்த ஆண்டு ஆசிய விளையாட்டில் லட்சுமணன் மூன்றாவதாக வந்தும், ஓடுபாதையின் உள்கோட்டைத் தாண்டிக் கால் பட்டதென்று வெண்கலத்தைப் பறித்துவிட்டார்கள். (அதே மாவட்டத்துச் சாந்திக்கு நடந்ததை இன்னொரு நாள் தனியாக எழுதுகிறேன். இரண்டு வரியில் எழுதி முடிக்க மனம் வரவில்லை.)

இனி சொல்வது வரலாறு அல்ல, என் தப்பு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்ததால் விசில் என் கைக்கு வந்தது. கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு பையன். தினமும் ஆறு கிலோமீட்டர் பாதி நடை, பாதி ஓட்டமாகப் பள்ளிக்கு வருவான், அதேபோல் திரும்புவான். 1500 மீட்டரில் அவனை யாராலும் தொட முடியாது. மண்டலப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அலைச்சல் வேண்டாமென்று அவனை விடுதியில் சேர்த்துவிட்டேன். தினமும் மாலையில் முழு வேகத்தில் மூன்று தடவை 1500. வலிக்கிறது சார் என்றான். சாக்குச் சொல்லாதே என்றேன். போட்டியன்று மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டான். அதற்குப் பிறகு மைதானப் பக்கமே வரவில்லை. அவனுக்குக் கடவுள் கொடுத்த பயிற்சி அந்த ஆறு கிலோமீட்டர்தான். அதை நிறுத்தியவன் நான். லிடியார்டைப் பற்றி முதன்முதலாகப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பி, இதைப் படித்தால் நீதான் என்று உனக்குத் தெரியும். ஒரு போன் போடு.

பேரனுக்கு முதலில் வலி போகும்வரை ஓய்வு கொடுத்தேன். நேற்றுதான் ஆரம்பம். புது ஆற்றங்கரையில் அவன் ஓட, நான் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னாலேயே போனேன். அவனுடைய கடிகாரத்தை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆறு வாரத்துக்குத் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். வழி முழுக்கப் பாட்டி சமையலைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டான்.