ஏட்டு நேர்மையும் வகுப்பு நேர்மையும்

அறநூலை மனப்பாடம் செய்த பிள்ளை அறவழி நிற்கும் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. அதனைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த வரலாறு ஒன்றுண்டு.

1924ஆம் ஆண்டில், அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்னும் அறிஞர் இருவர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். ஐந்தாண்டுகள் நடந்த அவ்வாராய்ச்சியில் 8 முதல் 16 வயது வரையிலான ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் சோதிக்கப்பெற்றனர். பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்களை முன்னரே இரகசியமாகப் படியெடுத்துக்கொண்டு, பின்பு சரியான விடைகளுடன் அவர்களிடமே திருத்தக் கொடுத்தனர். யார் விடையை மாற்றினர் என்பது இவ்வாறு தெரிந்துபோயிற்று.

1928இல் வெளிவந்த முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. ஓரிடத்தில் நேர்மையாய் நடந்த பிள்ளை வேறிடத்தில் ஏமாற்றியது. அறத்தை அறிந்திருந்தமைக்கும் அறவழி நடந்தமைக்கும் தொடர்பு மிகக் குறைவே. ஆனால், ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருந்தனர். ஆசிரியர் அன்போடும் ஒத்துழைப்போடும் நடத்திய வகுப்புகளில் ஏமாற்றுதல் குறைந்திருந்தது.

1963இல் ரோஜர் பர்ட்டன் என்பார் அதே கணக்குகளை மீண்டும் ஆராய்ந்து, எவ்விடத்தும் தொடரும் நேர்மை சிறிதளவேனும் உண்டென்று காட்டினார். எனினும் சூழ்நிலையின் வலிமை மறுக்கப்படவில்லை.

அண்மைக் காலத்துச் செய்தியும் சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவில் ஏழு ஒழுக்கக் கல்வித் திட்டங்களை 84 பள்ளிகளில் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட அறிக்கை, சராசரியாகப் பயன் எதுவும் காணப்படவில்லை என்றது. மறு ஆண்டே, ஜோசப் டுர்லாக் குழுவினர் 213 திட்டங்களை, 270,034 மாணாக்கரைத் தொகுத்து ஆராய்ந்து நற்பயன் கண்டனர். நூறு பேர் வரிசையில் நடுவில் நின்ற மாணவன் கல்வியிலும் 11 இடம் முன்னேறும் அளவு அது. சினத்தை அடக்குதல், பிறர் மனமறிதல் முதலியவற்றைப் படிப்படியாகச் செய்து பழக வைத்த திட்டங்களே மிகுந்த பயன் தந்தன. பெயரளவில் திட்டம் இருந்தாற் போதாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

என் அனுபவமும் இதுவே. ஆத்திசூடியைப் பிழையின்றி ஒப்பிக்கும் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கணக்குச் சோதனையில் பார்த்தெழுதி அகப்பட்டான். கடிந்து கேட்டேன். "குறைந்த புள்ளியைச் சபையில் வாசிப்பீர்களே, சார்" என்றான். வாசித்தவன் நான்தான்! அன்றோடு அவ்வழக்கத்தை நிறுத்தினேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆத்திசூடியை நாம் கைவிட வேண்டுவதில்லை. அஞ்சாமல் உண்மை பேசக்கூடிய வகுப்பறையை அதற்குத் துணையாக்குவோம். பிள்ளையின் நேர்மையில் ஆசிரியரின் பங்கும் உண்டன்றோ?