சுழலும் சிறகுகள் – 11: குதிரை நமது, கடிவாளம் யாரிடம்?

1972 ஜூன் 21. தெற்கு பிரான்சின் இஸ்த்ர் விமானத் தளத்திலிருந்து ழான் பூலே என்ற சோதனை விமானி, 'லாமா' ஹெலிகாப்டரை மேலே, இன்னும் மேலே என்று ஏற்றிக்கொண்டே போனார். 12,442 மீட்டரைத் தொட்டார். எவரெஸ்ட் சிகரத்தைவிட மூன்றரை கிலோமீட்டர் கூடுதல் உயரம் அது. மைனஸ் 63 டிகிரி குளிரில், வேகத்தைக் குறைத்ததுமே எஞ்சின் அணைந்துபோனது. கீழிருந்து எதிர்த்து வரும் காற்றே ரோட்டரைச் சுற்ற, அத்தனை உயரத்திலிருந்தும் எஞ்சின் இல்லாமலே பத்திரமாகத் தரையிறங்கினார் பூலே.

சாதனை பிரான்சுக்குச் சேர்ந்தது. ஆனால் அந்த லாமா உருவாகக் காரணம் இந்திய ராணுவத்தின் தேவை!

1962-ல் பிரான்சின் சூட் ஏவியேஷன் நிறுவனத்திடமிருந்து 'அலூவெட் 3' ஹெலிகாப்டரைத் தயாரிக்கும் உரிமத்தை இந்தியாவின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் (எச்.ஏ.எல்.) பெற்றது. ராணா பிரதாப்பின் குதிரை 'சேத்தக்' பெயரே அதற்கும் சூட்டப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் சீனாவுடன் போர். இமயமலையின் உச்சிகளில் காவல் நிற்கும் வீரர்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுசேர்க்க, மெலிந்த காற்றிலும் சுமை தூக்கும் ஹெலிகாப்டர் அவசியம் என்பது அப்போது புரிந்தது. சேத்தக்குக்கு அந்த உயரம் கைகூடவில்லை.

1968-ல் இந்தியா தன் தேவையைச் சொன்னது. பிரெஞ்சுப் பொறியாளர்கள் புதிதாக எதையும் தேடி அலையவில்லை. பழைய அலூவெட் 2-ன் இலகுவான உடலை வலுப்படுத்தி, அதில் அலூவெட் 3-ன் எஞ்சினையும் ரோட்டரையும் பொருத்தினார்கள். 1969 மார்ச் 17-ல் லாமா பறந்தது. அதே ஆண்டு இமயமலையில் நடந்த சோதனையில் 7,500 மீட்டர் உயரத்தில் இறங்கி, மீண்டும் கிளம்பிக் காட்டியது. 1970-ல் உரிமம் கையெழுத்தானது. இங்கே அதன் பெயர் 'சீட்டா'. 1984-ல் ராணுவம் சியாச்சினில் காலூன்றியபோது, அங்குள்ள காவல் நிலைகளுக்கு உயிர்நாடியாக இருந்தது சீட்டாதான்.

ஆனால் உரிமத்தில் செய்வது என்பது பிறர் போட்ட வரைபடத்தைப் பார்த்துச் செய்வதுதான். சொந்தமாக ஒன்றை வடிவமைக்க விரும்பிய எச்.ஏ.எல்., 1984-ல் ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தைத் துணைக்கு அழைத்தது. பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் இறக்கைத் தகடுகள் கீல் போட்ட கதவைப் போலத்தான் ரோட்டரில் மாட்டப்பட்டிருக்கும். எம்.பி.பி. கீலே இல்லாத ரோட்டரில் கைதேர்ந்தது. கலப்பு இழைகளால் ஆன தகடும் அதன் இணைப்பும் தாமே வளைந்து கொடுக்கும். விமானியின் சிறு அசைவுக்கும் ஹெலிகாப்டர் உடனே திரும்பும். கோவைக்கு அருகே சூலூரைத் தளமாகக் கொண்ட விமானப்படையின் 'சாரங்' குழு வானில் காட்டும் சாகசங்களுக்கு அடிப்படை அந்த ரோட்டர்தான்.

இப்படி உருவான 'துருவ்' 1992 ஆகஸ்ட் 20-ல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. முன்மாதிரியில் பிரெஞ்சு எஞ்சின். மலை உச்சிகளுக்கு இன்னும் வலுவானது வேண்டும் என்று அமெரிக்க எஞ்சின் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை. அமெரிக்கா தடை விதித்தது, எஞ்சின் வரவில்லை. உடலும் ரோட்டரும் தயாராக நிற்க, எஞ்சினுக்காக மறுபடியும் பிரான்சின் வாசலுக்கே போனது இந்தியா. 2002-ல் துருவ் படையில் சேர்ந்தது டர்போமெக்கா நிறுவனத்தின் எஞ்சினுடன்தான்.

பொக்ரான் சோதனைக்கு அடுத்த ஆண்டே கார்கில் போர் வந்திருந்தது. உயரமான சிகரங்களில் நம்முடைய கனரகத் தாக்குதல் ஹெலிகாப்டர்களால் போர் புரிய முடியவில்லை. இரண்டு பாடங்களும் சேர்ந்து ஒரு முடிவைத் தந்தன. 2003-ல் டர்போமெக்காவுடன் புதிய ஒப்பந்தம்: இம்முறை வாங்குவது அல்ல, சேர்ந்து உருவாக்குவது. அப்படி வந்த 'சக்தி' எஞ்சின் 2007-ல் துருவில் பொருத்தப்பட்டுப் பறந்தது. இரண்டு சக்தி எஞ்சின்களோடு 5.8 டன் எடையுள்ள தாக்குதல் ஹெலிகாப்டர் 2010-ல் பறந்தது. சியாச்சினில் இறங்கியும் காட்டியது. 2022 அக்டோபர் 3-ல் ஜோத்பூரில் 'பிரசண்ட்' என்ற பெயரோடு விமானப்படையில் சேர்ந்தது. 2025 மார்ச்சில் மேலும் 156 பிரசண்டுகளுக்கு, சுமார் 62,700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

சக்தியின் வடிவமைப்பில் பெரும்பங்கு இன்னும் பிரெஞ்சுக்காரர்களுடையதுதான். அடுத்து 13 டன் எடைப் பிரிவில் வரவிருக்கும் இந்திய ஹெலிகாப்டருக்காக 'ஆரவல்லி' என்ற எஞ்சினை, டர்போமெக்காவின் இன்றைய வடிவமான சஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து எச்.ஏ.எல். உருவாக்குகிறது. ஆறு பதிற்றாண்டுகளாக நம் ஹெலிகாப்டர்கள் பறப்பதும் நிற்பதும் பெரும்பாலும் எஞ்சினைக் கொண்டே முடிவாகியிருக்கிறது. உடலை வடிவமைக்கக் கற்றுக்கொண்டோம், ரோட்டரையும் கற்றுக்கொண்டோம். எஞ்சினை முழுமையாக வடிவமைக்கும் அறிவு கைக்கு வராதவரை, எந்தக் கூட்டு ஒப்பந்தத்திலும் நாம் இளைய பங்காளிதான்.

(தொடரும்)