மெருகுப்பொடியின் தடம்: பையம்பள்ளிக் கற்கோடாரி முதல் காவலூர் ஆடி வரை

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலைமேல் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று மலை ஊராட்சிகள் உள்ளன. மலையாளி பழங்குடியினரின் நிலம் அது. இதே மலைத்தொடரில்தான் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். மலையின் சில ஊர்களிலோ, புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடாரிகளை மரத்தடியில் நட்டுப் பிள்ளையாராக வணங்குகிறார்கள். கோடாரியும் அந்தத் தொலைநோக்கியின் ஆடியும் பிறந்த காலங்களுக்கு இடையே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. இரண்டையும் ஆக்கிய வேலை ஒன்றே: ஒரு பரப்பின்மேல் பொடியையும் நீரையும் இட்டுப் பொறுமையாகத் தேய்ப்பது.

கோடாரி எஞ்சுகிறது, மணி எஞ்சுகிறது, ஆடி எஞ்சுகிறது. பொடியை மட்டும் வேலை முடிந்ததும் கழுவி ஊற்றிவிடுகிறார்கள். நம் தொழில்நுட்ப வரலாறுகளில் அதற்கு இடம் இல்லாமல் போனதற்கு இது முதற்காரணம் என்று கருதுகிறேன். தமிழ் நிலத்தில் அதன் தடத்தைத் தொடர முயல்கிறது இக்கட்டுரை. தொடரும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அராவும் பொடி காலந்தோறும் கடினம் கூடிக்கொண்டே வந்தது. மெருகேற்றும் பொடி அந்த வழியில் போகவில்லை.

திருப்பத்தூர் வட்டத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964-65, 1967-68 ஆண்டுகளில் அகழாய்வு நடத்தியது. அங்கு வெளிப்பட்ட புதிய கற்கால அடுக்கு கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது. இத்தகைய கோடாரிகள் உருவான முறை தென்னிந்தியா முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். டோலரைட் போன்ற கரும்பாறையைச் சில்லுச் சில்லாக உடைத்து உருவம் பிடித்தார்கள். கொத்திக் கொத்தி மேடு பள்ளம் நீக்கினார்கள். பிறகு பாறைமேல் மணலும் நீரும் இட்டுத் தேய்த்தார்கள். கடைசியில் வெட்டுவாய்க்கு மெருகு கொடுத்தார்கள். மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை வரிசையில் அதற்கு 7. டோலரைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் சுமார் 6, பைராக்சீன் 5 முதல் 6. ஆகவே ஆற்று மணலே போதுமானதாக இருந்தது. அந்த வேலைக்குப் பொடி தேடி யாரும் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நொய்யல் கரையில் நிலைமை வேறு. கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் 1990 வரை பல பருவங்களில் நடத்திய அகழாய்வில் குவார்ட்ஸ், பச்சைக்கல் எனும் பெரில், நீலக்கல், கார்னீலியன், அகேட் எனப் பலவகைக் கற்களும், வேலை முடிந்தவையும் பாதியில் நின்றவையுமான மணிகளும் கிடைத்தன. மணல் இங்கே உதவாது. குவார்ட்ஸை குவார்ட்ஸ் மணலால் தேய்ப்பது வீண் உழைப்பு. பெரிலின் கடினம் 7.5 முதல் 8. எனவே இதைவிடக் கடினமான பொடி கட்டாயம் தேவைப்பட்டது. அது பக்கத்திலேயே இருந்தது. படியூர், சிவன்மலை வட்டாரம் பெரிலுக்கும் நீலக்கல்லுக்கும் பெயர்பெற்றது. நீலக்கல் என்பதே நிறமும் தெளிவும் வாய்த்த குருந்தக்கல்தான். நிறமில்லாத, விரிசல் விழுந்த குருந்தக்கல் மணிக்கு ஆகாது. இடித்தால் அது கடினம் 9 உடைய பொடி. வைரம் தவிர எல்லா மணிகளும் அதற்குப் பணியும். மணித்தொழில் கொங்கில் வேரூன்றியதற்கு மணிக்கல் கிடைத்ததைக் காரணம் காட்டுவது வழக்கம். மணிக்கல்லும் அதை அராவும் கல்லும் ஒரே வட்டாரத்தில் கிடைத்ததும் அதற்கு இணையான காரணம் என்பேன்.

அந்தப் பொடியைக் கையாண்ட மரபுத் தொழில்முறையைச் சற்று அருகில் பார்க்கலாம். குருந்தக்கல்லை இரும்பு உலக்கையால் இடித்துச் சலிப்பார்கள். மிக நுண்ணிய பொடியைச் சல்லடையால் பிரிக்க முடியாது; அதற்கு நீர்தான் சல்லடை. பொடியை நீரில் கலக்கிச் சற்று நேரம் விட்டால் பருமனான துகள் அடியில் இறங்கிவிடும். மேலே கலங்கி நிற்கும் நீரை வேறு பாத்திரத்தில் வடித்து மறுபடி காத்திருந்தால் அடுத்த பருமன் இறங்கும். காத்திருக்கும் நேரம் நீள நீளக் கிடைக்கும் பொடி நுண்மையாகும். பிரித்த பொடியை உருக்கிய அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்தால் அதுவே சாணை. அச்சில் கயிற்றைச் சுற்றி வில்லை முன்னும் பின்னும் இழுக்க, வட்டு மாறிமாறிச் சுழலும். ஒரு கை வில்லை இழுக்க, மறு கை கல்லை வட்டில் அழுத்திப் பிடிக்கும். அரக்கு மென்மையானது. வேலை நடக்கும்போது அது தேய்ந்து புதிய துகள்களை மேலே கொண்டுவந்தபடி இருக்கும். இன்றைய சாணைச் சக்கரங்களின் அடிப்படையும் இந்தத் தன்மைதான்.

இந்தப் பொடிக்கல் ஐரோப்பிய அறிவியலுக்குள் நுழைந்த கதையைச் சார்லஸ் கிரெவில் 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் பதிவு செய்திருக்கிறார். 1767 அல்லது 1768-இல் எடின்பரோவில் முத்திரைக்கல் செதுக்குவதில் பேர்பெற்ற வில்லியம் பெர்ரிக்கு, சென்னையிலிருந்த டாக்டர் ஆண்டர்சன் ஒரு பெட்டி படிகக் கற்களை அனுப்பினார். வைரம் தவிர்த்த எல்லா மணிகளையும் மெருகேற்ற இந்நாட்டார் பயன்படுத்தும் பொருள் என்ற குறிப்பும் கூடவே சென்றது. வேதியியலாளர் ஜோசப் பிளாக் அதைப் பார்த்து, தாம் அறிந்த எந்தக் கல்லோடும் அது சேராது என்று கண்டார். கனிமவியலாளர் கைக்கு வருமுன்பே அது ஒரு செதுக்குத் தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆண்டர்சன் அனுப்பிய பெட்டியில் கல் மட்டும் இல்லை. அதை எதற்குப் பயன்படுத்துவது என்ற நம் தொழிலாளர்களின் அறிவும் இருந்தது.

கிரெவிலின் கட்டுரை காவிரிப் பக்கத்துப் பரமத்தி வட்டாரக் குழிகளைச் சுட்டுகிறது. 1802-இல் பூர்னோன் பிரபு குருந்தக்கல்லை விரிவாக ஆராய்ந்து, மாணிக்கமும் நீலமும் இந்த அராவுகல்லும் ஒரே கனிம இனம் என்று நிறுவினார். குருந்தக்கல் பொதிந்திருந்த வெண்கனிமத்துக்கு அவர் இட்ட பெயர் 'இண்டியனைட்'. இன்று நாம் அனார்த்தைட் என்கிறோம். நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியின் பாறை இவ்வகைதான். சந்திரயான்-2 கலத்தைச் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற ஒன்று தேவைப்பட்டபோது, சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை அரைத்துத்தான் இஸ்ரோ அதைத் தயாரித்தது. குருந்தக்கல்லை ஈன்ற பாறையே பொடியாகி நிலவுப் பயணத்துக்கு உதவியதை இந்த வரலாற்றில் சேர்க்காமல் விட மனம் வரவில்லை.

டி.எச். ஹாலந்து 1898-இல் இந்தியக் குருந்தக்கல் பற்றித் தனி நூலே எழுதினார். சேலம், கோவை மாவட்டக் கிடைப்புகள் அதில் உண்டு. ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் சிலிக்கன் கார்பைடைச் செய்துவிட்டார். கடினம் 9-க்கு மேல். தூய்மையும் பருமனும் ஒரே சீர். நிலத்தைத் தோண்டி எடுத்த கல்லால் அதனோடு போட்டியிட முடியவில்லை. 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலை செயற்கைப் பொடியில் சாணைச் சக்கரம் செய்தது. திருச்சி, புதுக்கோட்டைச் சிற்றூர்களில் செயற்கை மணிக்கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அவர்கள் கையில் வந்ததில் செயற்கைக் குருந்தமும் உண்டு. கல்லே 9 என்றால் விரைவான வேலைக்கு வைரப்பொடிதான் வழி. அராவும் பொடியின் கதை இப்படிக் கடினத்தின் ஏணியில் நேராக ஏறிக் கடைசிப் படியில் நிற்கிறது.

மெருகின் கதைக்கு இந்த ஏணி பயன்படாது. கண்ணாடியின் கடினம் ஏறத்தாழ 5.5. நுண்மையான குருந்தப்பொடியால் தேய்த்தால் அது மங்கலாய், பால் படிந்தாற்போல் ஆகும். வழக்கமான தேய்ப்பில் ஒளி ஊடுருவும் தெளிவு வராது. அந்தத் தெளிவைக் கொடுத்த பொடிகள் வேறு. 1704-இல் வெளிவந்த ஒளியியல் நூலில், உலோக ஆடியைக் கீல் பூசிய பரப்பின்மேல் வெள்ளீயச் சாம்பல் இட்டு மெருகேற்றிய விதத்தை நியூட்டன் விவரிக்கிறார். பிறகு கண்ணாடிக்கு வந்தது 'ரூஜ்' என்ற சிவப்புப் பொடி. அது இரும்பு ஆக்சைடு. அன்னபேதியைச் சூளையில் சுட்டு அதைப் பெற்றார்கள். சித்த மருத்துவர்கள் அன்னபேதியைப் புடமிட்டுச் செந்தூரம் செய்வதை அறிந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு புதிதாகத் தோன்றாது. இரும்பு ஆக்சைடின் கடினம் கண்ணாடியோடு ஒப்பிட்டால் சற்றேறக்குறைய சமம். அப்படியிருந்தும் அது மெருகு தந்தது. ஏன் என்பது நெடுநாள் விவாதமாயிற்று. மேடுகளை வெட்டிச் சமன் செய்கிறது என்றார்கள் சிலர். உராய்வில் மேற்பரப்பு நெகிழ்ந்து வழிந்து பள்ளங்களை நிரப்புகிறது என்று ஜார்ஜ் பீல்பி வாதிட்டார்.

விடையை நெருங்க வைத்தது சீரியம் ஆக்சைடு. அதன் கதையும் தமிழ்நாட்டுக் கரையைத் தொடுகிறது. 1803-இல் சீரியத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் பெர்லினைச் சேர்ந்த கிளாப்ரோத். குருந்தக்கல்லைப் பகுத்துப் பார்த்து, முதலில் புதிய 'மண்' என்று எண்ணிப் பின்னர் திருத்திக்கொண்டவரும் அவரே. 1909-இல் ஜெர்மானியரான ஷோம்பெர்க், கயிற்றில் ஒட்டிவந்த மணலைத் தொடர்ந்துபோய் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அப்போது எல்லோருக்கும் வேண்டியிருந்தது அதிலிருந்த தோரியம். காஸ் விளக்கு மேண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு என்றால் சீரியம் ஒரு பங்குதான். மோனசைட்டின் அருமண் தனிமங்களில் பாதிக்கு நெருக்கமாக உள்ள சீரியம் கேட்பாரற்றுக் குவிந்தது. அந்தக் குவியலுக்குப் பயன் தேடியதில்தான் கண்ணாடி மெருகு கிடைத்தது. 1930, 40-களில், குறிப்பாக இரண்டாம் உலகப்போர்க்கால ஒளியியல் தொழிற்சாலைகளில், அது ரூஜின் இடத்தைப் பிடித்தது. வேலை விரைவாக முடிந்தது. கையும் தரையும் சிவப்பேறும் தொல்லையும் ஒழிந்தது. இந்தியாவில் 1950 ஆகஸ்டில் இந்திய அருமண் நிறுவனம் உருவானது. 1952 டிசம்பரில், மோனசைட்டைப் பதப்படுத்தும் அதன் ஆலுவா ஆலையை நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். அன்று திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மணவாளக்குறிச்சி 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டத்தோடு தமிழகம் வந்தது.

சீரியம் ஆக்சைடின் கடினம் சுமார் 6. அதன் வேகத்தைக் கடினத்தால் விளக்க முடியாது. 1990-இல் லீ குக் எழுதிய ஆய்வு இதற்கு வேதியியல் விளக்கம் தந்தது. நீர் கண்ணாடியின் மேற்பரப்புக்குள் நுழைந்து சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. சீரியம் துகள் ஒரு கணம் அந்தப் பரப்போடு பிணைந்து, விலகும்போது தளர்ந்த மூலக்கூறைக் கூடவே இழுத்துச் செல்கிறது. நீருக்குப் பதில் வெறும் எண்ணெயில் பொடியைக் குழைத்தால் மெருகு ஏறக்குறைய நின்றே விடும். நீர் வெறும் குளிர்விப்பான் என்ற எண்ணம் இதனால் தகர்ந்தது. அராவுவது விசையின் வேலை. மெருகேற்றுவது பாதிக்கு மேல் வேதியியல். குவார்ட்ஸ் இன மணிகளுக்கும் இன்று பட்டறைகளில் சீரியம் பவுடர் போடுவதன் காரணம் இதுதான்: அவையும் சிலிக்காவே.

மறுபடி ஜவ்வாது மலைக்கு வருவோம். காவலூரின் முதல் தொலைநோக்கி 1968-இல் நிறுவப்பட்ட 38 செ.மீ. கருவி, அது கொடைக்கானலிலேயே செய்யப்பட்டது. 1972-இல் ஜெர்மனியின் யேனா நகரத்துக் கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட 1977 மார்ச் 10 இரவில் அதுவும் கண்காணித்தது. ஆனால் வானாய்வகம் இன்று பெயர் தாங்கும் வானியலாளர் வைணு பாப்பு விரும்பியது பெரிய ஆடியை இங்கேயே தேய்க்க வேண்டும் என்பது. ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்திடமிருந்து வெப்பத்தில் விரியாத செரோடூர் கண்ணாடி வந்தது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் ஏ.பி. ஜெயராஜன் குழுவினர் 2.34 மீட்டர் ஆடியை உருவாக்கினர். 1982-இல் பாப்பு மறைந்தபோது தொலைநோக்கி முடிந்திருக்கவில்லை.

இத்தகைய ஆடியின் வேலை, இக்கட்டுரை சொன்ன வரலாறு முழுவதையும் ஒரே கண்ணாடியின்மேல் மறுபடி நடத்துவதாகும். பருமனான கடினத் துகள்களால் குழிவு தோண்டுவார்கள். படிப்படியாக நுண்பொடிக்கு இறங்குவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் மேசை, கருவி, கை, உடை எல்லாவற்றையும் கழுவியாக வேண்டும். முந்தைய படியின் ஒரே ஒரு துகள் தப்பி வந்தாலும் பல நாள் வேலையில் கீறல் விழும். அதன்பின் கடினத்தைக் கைவிட்டுக் கீல் பரப்புக்கும் மெருகுப்பொடிக் கரைசலுக்கும் மாறுவார்கள். பரப்பு வேண்டிய வளைவிலிருந்து ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள், அதாவது சுமார் 70 நானோமீட்டருக்குள், நிற்க வேண்டும். சற்று நேரம் தேய்ப்பார்கள், நிறுத்திச் சூடு ஆறவிடுவார்கள், சோதிப்பார்கள், மேடு தெரிந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்ப்பார்கள். தேய்த்த நேரத்தைவிடக் காத்திருந்து அளந்த நேரமே அதிகம்.

மெருகேறிய கண்ணாடி தானாக நட்சத்திர ஒளியைத் திருப்பாது. அதன்மேல் வெற்றிடக் கலத்தில் அலுமினியம் படியவைக்கிறார்கள். கனம் சுமார் 100 நானோமீட்டர். மலைக்காற்றின் ஈரமும் தூசியும் அதை மங்கச் செய்யும். அவ்வப்போது பழைய பூச்சைக் கரைத்து நீக்கிப் புதிதாகப் பூசக் காவலூரிலேயே வசதி உண்டு. அந்தப் பணியில் கண்ணாடியை மறுபடி தேய்ப்பதில்லை. அலுமினியம் எத்தனை முறை மாறினாலும், அதன் அடியில் வளைவைத் தாங்கி நிற்பது 1980-களில் ஜெயராஜன் குழு மெருகேற்றிய அதே பரப்புதான்.