தேறிய கோழியும் செத்த கோழியும்: காவிரிப் படுகைப் புறக்கடைக் கோழிகளின் ‘சளி’ பற்றி ஒரு மறுவாசிப்பு

புறக்கடைக் கோழிகளின் மூச்சு நோய் பற்றி எழுதுவோரிடையே ஒரு வாசிப்பு ஏறத்தாழ முடிந்த முடிவாக நிலைபெற்றுவிட்டது. கோழி கொர்கொர்ரென்று இழுத்து, மூக்கு ஒழுகி, கண்ணோரம் நுரை கட்டினால் அது மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாட்பட்ட சுவாச நோய். டைலோசினோ டாக்ஸிசைக்ளினோ குடிநீரில் கலந்து கொடுத்தால் சில நாளில் தேறிவிடும். அப்படித் தேறுவதே கணிப்பு சரி என்பதற்குச் சான்று. மூலிகை வழியை முன்வைப்போர் இதை மறுப்பதாகத் தோன்றினாலும் அவர்கள் வாதமும் இதே தடத்தில்தான் போகிறது: துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, மிளகு சேர்த்தரைத்த உருண்டையை விழுங்கிய கோழி பிழைத்தது, ஆகவே உருண்டை அந்நோயைத் தீர்த்தது. மருந்து வேறு, தர்க்கம் ஒன்று. கோழி தேறியதை வைத்து நோய்க்குப் பெயரிட முடியாது என்பதும், தஞ்சைப் படுகையில் அப்படிப் பெயரிடுவது கேடு விளைவிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சிக்கல் நாள்கணக்கில் இருக்கிறது. ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சலின் கொடிய வடிவத்தில், கிருமி உடலில் புகுந்து 2 முதல் 15 நாளுக்குள், பெரும்பாலும் ஐந்தாறு நாளில், குறி தெரிகிறது. தெரிந்தபின் இரண்டு மூன்று நாளில் சாவு. தடுப்பூசி போடாத மந்தையில் சில வேளை ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. எட்டுப் பத்து கோழி வளர்க்கும் ஒரு வீட்டில் இது எப்படி நிகழும்? மாலையில் ஒரு பெட்டை இரையெடுக்காமல் தூங்கி விழும். விடிந்து பஞ்சாரத்தைத் தூக்கினால் செத்துக் கிடக்கும். அடுத்தது வாய் பிளந்து மூச்சு வாங்கும்போதே அறுபட்டுக் குழம்புக்குப் போகும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஏழை வீட்டுப் பொருளாதாரம் அது. ஆனால் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. மருந்து வாங்கி வரப்படுவது பெரும்பாலும் மூன்றாம் நான்காம் நாளில். அப்போது உயிரோடிருப்பவை எவை? முன்பே தடுப்பூசி கண்டவை, பழைய தாக்குதலில் தப்பி எதிர்ப்பாற்றல் பெற்றவை, அல்லது சாகடிக்காத வேறு நோய் கொண்டவை. கோரைசா சளிநோய் வேறு தொற்று சேராதபோது இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கிவிடக்கூடியது. ஆக, பிழைக்கக்கூடியவற்றைச் சாவே முன்கூட்டிப் பிரித்து வைத்த பிறகுதான் மருந்து வருகிறது. அதன்பின் எதைக் கொடுத்தாலும் பலன் தெரியும். செத்தவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மாத்திரை கொடுத்த மறுநாளே கொர்கொர்ப்பு குறைவதை எப்படி விளக்குவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மைக்கோபிளாஸ்மா இருந்தால் டைலோசின் அதன் குறிகளைத் தணிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வைரஸ் புண்ணாக்கிய மூச்சுக்குழலிலும் ஈகோலை போன்ற பாக்டீரியாக்கள் பின்னால் வந்து குடியேறுகின்றன. அவற்றை அடக்கினாலும் கோழி சற்றுத் தெளியும். இருவேறு நோய்க்கும் ஒரே விடை தருகிற சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. இரத்தத்தில் மைக்கோபிளாஸ்மா எதிர்ப்புப் பொருள் காணப்படுவதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அக்கிருமி முட்டை வழியே தாயிடமிருந்து குஞ்சுக்குப் போவது. குறி அடங்கிய கோழியும் அதைச் சுமந்து திரியும். கிருமி என்றோ உடலில் புகுந்தது என்பதற்கு எதிர்ப்புப் பொருள் சான்று. இன்றைய மூச்சிரைப்புக்கு அதுவே காரணம் என்பதற்கு அல்ல.

இந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது என்பது ஊகம்தான். ஆனாலும் நாமக்கல், பல்லடம் பக்கத்துப் பண்ணை அனுபவத்தின் சாயல் அதில் படிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆயிரக்கணக்கான கோழிகள் அடைபட்ட கொட்டகையில் அம்மோனியா நெடி மூச்சுக்குழலை அரிக்க, மைக்கோபிளாஸ்மாவும் ஈகோலையும் சேர்ந்து தாக்கும். பகலெல்லாம் வைக்கோல் போரைக் கிளறி மேயும் ஒரத்தநாட்டுக் கோழிக்கு அந்தக் கொட்டகை இல்லை. அதற்கு வேறு சூழல்: ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கும் நீரும் கொசுவும், தை அறுவடைக்குப் பின் தாளடி வயலில் மேய வரும் வாத்துக் கூட்டம், நாற்றங்காலைக் காக்க அடைத்து வைக்கப்படும் நாளில் நொய்யும் தவிடுமே இரை. இம்மூன்றும் மூன்று வகை மூச்சு நோய்க்கு வழிவிடக்கூடியவை.

கொசு கோழியம்மையைப் பரப்பும். கொண்டையில் கொப்புளம் தெரிந்தால் யாரும் அம்மை என்பர். அதே நோய் தொண்டைக்குள் இறங்கினால் ‘சளி’ என்பர். எனவே அலகைத் திறந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை. கோழியைக் கக்கத்தில் இடுக்கி, வெயிலைப் பார்க்கத் திருப்பி, அலகோரத்தை அழுத்தினால் வாய் திறக்கும். நாக்கின் அடியிலோ குரல்வளை வாயிலோ மஞ்சளாய்ப் படலம் அப்பியிருந்து, பெயர்த்தால் இரத்தம் கசிந்தால் அது அம்மை. பெயர்த்துப் பார்ப்பதைவிட விட்டுவிடுவது நல்லது. உணவுக்குழல் வரை தினையளவு வெண்கொப்புளங்கள் தெரிந்தால் வைட்டமின் ஏ பற்றாக்குறையை நினைக்க வேண்டும். அதற்கு மீன் எண்ணெயும் முருங்கைக்கீரையும் போதும். (மூலிகை உருண்டையில் கீரையும் சேர்ந்திருந்தால் அதன் புகழில் ஒரு பங்கு இங்கிருந்து வந்திருக்கலாம்.) வாயில் படலமின்றி, முகம் ஒருபக்கம் வீங்கி, மூக்கு நீர் நாறினால் கோரைசா, இங்கேதான் மருத்துவர் சொற்படி எதிர்நுண்ணுயிர் மருந்துக்கு இடமுண்டு.

இவை எதுவுமின்றி, அடுத்தடுத்துச் சாவும் பச்சையும் வெள்ளையுமான கழிச்சலும் இருந்தால், பிழைத்தவற்றில் ஒன்றிரண்டுக்குக் கழுத்து திருகியிருந்தால், ராணிக்கெட்தான் முதல் ஐயம். கழிச்சல் இல்லையே என்று அதை விலக்குவது பழைய பிழை. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடுத்த ஓரிரு ஆண்டில் குமாவுன் மலையின் ராணிக்கெட்டிலும் இனங்காணப்பட்ட இவ்வைரஸ், கலிபோர்னியாவில் மூச்சையும் நரம்பையும் மட்டுமே தாக்கியதால் தனி நோயாகக் கருதப்பட்டு, 1944இல்தான் ஒன்றெனத் தெளிவாயிற்று. வாத்துகள் குறி காட்டாமலே இதைச் சுமக்கும். பறவைக்காய்ச்சலும் இதே முகத்தோடு வரலாம் என்பதால், கூட்டமாகச் செத்தால் மருந்து தேடுவதை விட்டுக் கால்நடைத் துறைக்குச் சொல்வதே கடமை. ஆய்வகச் சோதனை இல்லாமல் கிராமத்தில் எதுவும் பேச முடியாது என்போருக்கு இங்கே இடம் ஒதுக்கத் தேவையில்லை. சோதனை இல்லாமலேதான் இன்று மாத்திரை போகிறது.

ராணிக்கெட்டுக்கு மருந்தில்லை, தடுப்பூசியே உண்டு. பிப்ரவரியில் நடக்கும் இருவார முகாமில் இறக்கையடியில் போடும் ஊசி எட்டு வாரம் கடந்த கோழிகளுக்கானது. தையில் பொரித்த குஞ்சுகள் அதில் அடங்கா. அவற்றுக்கு முதல் வாரத்திலேயே எஃப் அல்லது லசோட்டா சொட்டு மருந்து கண்ணில் விட வேண்டும். ‘சளி’ என்று டைலோசின் வாங்கிப் போன வீட்டில் இந்தக் குஞ்சுகளை யாரும் நினைப்பதில்லை, தாய் தேறிவிட்டதே! வீட்டார் தின்னும் முட்டையில் மருந்து எச்சம் சேர்வது இதற்கு மேல். ஆகவே படுகைக் கால்நடை மருந்தகங்கள் கோழியின் மூச்சு நோயைப் பதியும்போது, மருந்தின் பெயருக்கு முன்னால் மூன்று கேள்விகளுக்கான விடையை எழுத வேண்டும்: முதல் கோழி என்று செத்தது, இதுவரை எத்தனை செத்தன, கடைசித் தடுப்பூசி எப்போது.